ஐந்தடிக்குக் கீழே

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் காண்டிராக்டரோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை வாங்கி ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேலே விலை இருக்கும். அதன் கீழே சிமென்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி, டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரைக்கும், குழாய் எந்த பிராண்ட், நிலைக்கதவு தேக்கா வேம்பா, பட்டி எத்தனை கை, பெயிண்ட் எத்தனை கை என்று இரண்டு பக்கத்துக்கு விவரம் ஓடும். வீட்டைத் தாங்கப் போகிற தரைக்கு மட்டும் ஒரே வரி: ‘புட்டிங் ஆழம் 5 அடி. அதற்கு மேல் போனால் எக்ஸ்ட்ரா.’

அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. போன வீட்டுக்கு எழுதியது அது. அதற்கு முந்தைய வீட்டுக்கும் அதையேதான் எழுதியிருப்பார்கள். மனையில் ஒரு கடப்பாரை இறங்குவதற்கு முன்பே எண் முடிவாகிவிடுகிறது. குழாயைக் கடைக்குப் போய்த் திருகிப் பார்த்து வாங்குகிறோம். மண்ணைப் பார்க்காமலேயே ஒப்புக்கொள்கிறோம். சிக்கனம் இதற்குக் காரணம் இல்லை. ஒரு சாதாரண வீட்டு மனைக்கு மண் பரிசோதனை செய்ய ஆகும் செலவு பெரும்பாலும் வாசல் தேக்குக் கதவின் விலையைத் தாண்டாது. விருந்தாளி கதவைப் பார்ப்பார், அடிமண்ணைப் பார்க்க மாட்டார். கண்ணில் படாததற்குக் காசு எடுக்க நமக்குக் கை வருவதில்லை.

எல்லா இடமும் ஒரே மண்ணாக இருக்கிற சமவெளியில் இப்படி எழுதினால்கூடத் தப்பித்துக்கொள்ளலாம். நாகமலை அடியில் முடியாது. மதுரைக்கு மேற்கே நீளவாக்கில் படுத்துக் கிடக்கிறது இந்த மலை. சமணர் ஏவிய நாகம் கல்லாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. பக்கத்திலேயே கீழக்குயில்குடியில் சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்களை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கும் பாறை. அந்தக் கெட்டிப் பாறையைத் தினமும் கண்ணால் பார்ப்பதால், நம் மனைக்கு அடியிலும் அதுதான் இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு தைரியம். ஆனால் மலையை விட்டு இறங்க இறங்கத் தரை மாறிக்கொண்டே போகிறது. அடிவாரத்தில் சரளையும் உருட்டுக்கல்லும், கொஞ்சம் தள்ளினால் செவல், மழைத்தண்ணீர் ஓடிய தடத்தில் வண்டல். வடக்கே துவரிமான் பக்கம் வைகைப் பாசனம் பாய்ந்த வயல்களின் களி. தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல். 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் தேனி சாலையில் பல்கலை நகரில் காலூன்றிய நாளிலிருந்து மதுரை இந்தத் திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புஞ்சை பிளாட்டானது. ஓடையும் பிளாட்டானது. பள்ளத்தில் லாரி லாரியாகக் கிராவல் அடித்து, மேலே மட்டம் தட்டி, எல்லைக்கல் நட்டு வெள்ளை அடித்துவிட்டால், அந்த மனையும் அடுத்த மனையும் கண்ணுக்கு ஒன்றுதான்.

தோண்டும்போதுதான் வேறு வேறு என்று தெரியும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு 4 அடியில் பாறை தட்டி, கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டியிருக்கும். எதிர்மனையில் 8 அடி போயும் செங்கல் உடைசலும் சாக்குக் கிழிசலும் வந்துகொண்டிருக்கும். இதிலே ஆகக் கெட்டது, ஒரே வீட்டின் பாதி பாறையிலும் பாதி நிரப்பு மண்ணிலும் உட்காருவது. முழு வீடும் சமமாக ஓர் அங்குலம் இறங்கினால் பெரிய நட்டம் ஒன்றும் வராது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் ஜன்னல் ஓரத்திலிருந்து சுவர் சாய்வாகக் கிழியும். பிறகு எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அதே இடத்தில் திரும்பக் கிழியும். உருட்டுக்கல் இன்னொரு விதமாக ஏமாற்றும். கடப்பாரை ‘ணங்’ என்றதும் ‘பாறை வந்துருச்சு’ என்று நிறுத்திவிடுவார்கள். மலையிலிருந்து எப்போதோ உருண்டு வந்து புதைந்த தனிக் கல்லாக அது இருக்கலாம். அதற்கு அடியில் மறுபடியும் மண். மலையடிவாரத்தில் பாறை தட்டினாலும் அதற்குள் இன்னும் சில மீட்டர் துளைத்துப் பார்த்துத்தான் பாறை என்று எழுத வேண்டும் என்பது அதனால்தான்.

ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரி நிஜத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பூஜை முடிந்து, மஞ்சள் துணி சுற்றிய கல் வைத்து, வானம் தோண்டத் தொடங்கியாயிற்று. 5 அடி வந்துவிட்டது. அடியில் இன்னும் பொதபொதவென்று மண். குழிக்குள் நிற்கிறவர் கடப்பாரையைப் போட்டால் தானாக இறங்குகிறது. “அண்ணே, கெட்டித் தரை சிக்கலைண்ணே. இன்னும் ரெண்டடி போகணும்” என்கிறார் மேஸ்திரி. காண்டிராக்டர் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார். “சார், கூட ரெண்டடி போகுது. எக்ஸ்ட்ரா வரும்.” மறுமுனையில், “இப்பத்தான் பூஜையே போட்டோம், அதுக்குள்ள எக்ஸ்ட்ராவா?”

இந்த இடத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. மேஸ்திரி கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். காண்டிராக்டருக்கு அவர் குறித்த விலையில் அந்த இரண்டடி இல்லை. வீட்டுக்காரருக்கு வங்கி கொடுத்த கடனில் அது இல்லை. மூவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று குழியின் அடியில் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது யார் வேலை என்று எங்கும் எழுதவில்லை. இனி இரண்டே வழி. வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டோம் என்ற கசப்போடு பணம் கொடுப்பார். அந்தச் சந்தேகம் கிரகப்பிரவேசம் வரைக்கும் ஒவ்வொரு சிமென்ட் மூட்டையிலும் வந்து உட்காரும். அல்லது காண்டிராக்டர் மேலே பேசாமல் 5 அடியிலேயே ஜல்லி போட்டு, கான்கிரீட் கொட்டி, பில்லரைத் தூக்கிவிடுவார். மூடிய குழியைப் பிறகு யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. நல்லவர் ஒருவரைத் தப்புச் செய்யத் தள்ளுகிற ஒப்பந்தத்தை எழுதிவிட்டு, அவர் தப்புச் செய்தால் மட்டும் திட்டுவது நியாயமில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். மனை நூல்களிலும் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் ஒரு சோதனை உண்டு. மனையின் நடுவில் ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடிப் பார். மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக நிரம்பினால் நடுத்தரம், போதாமல் போனால் ஆகாது. குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு நூறு எட்டு நடந்து திரும்பி வந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பொறியியல் கண்ணோடு பார்த்தால் இரண்டிலும் விஷயம் இருக்கிறது. இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டி உதிர்த்தால் அது பருத்து மிஞ்சும். முன்பே தளர்வாகக் கிடந்த மண் குழியைக்கூட நிரப்பாது. தண்ணீர் இறங்கும் வேகமோ மண்ணின் கசிவைச் சொல்லும். சகுனம், திதி என்று எத்தனையோ சேர்ந்திருந்தாலும், கட்டுவதற்கு முன் தரையைக் கேள் என்ற ஒழுங்கு அதில் இருந்தது. நாம் பூஜையை வைத்துக்கொண்டு குழியை விட்டுவிட்டோம்.

அந்தக் கேள்வியின் இன்றைய வடிவம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அக்கம்பக்கத்தில் எங்காவது மண் பரிசோதனைக்குப் போர் போடும்போது போய் நின்று பாருங்கள். மூன்று கால் இரும்புச் சட்டம், ஒரு கப்பி, கயிறு, 63.5 கிலோ சம்மட்டி. துளையின் அடியில் இரண்டாகப் பிளக்கக்கூடிய ஓர் இரும்புக் குழல். சம்மட்டியை 75 சென்டிமீட்டர் தூக்கி விட வேண்டும். தண்டில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. முதல் 15-ஐக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளை போட்டதில் குலைந்த மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒருவர் உரக்க எண்ணுவார், ஒருவர் நோட்டில் குறிப்பார். நாலைந்து அடியிலேயே சர்ரென்று இறங்கினால் தளர்ந்த மண். ஐம்பது அடி அடித்தும் அசையாவிட்டால் கெட்டித் தரை. பிறகு குழலை மேலே எடுத்துப் பிளப்பார்கள். உள்ளே மண் அடுக்கடுக்காக இருக்கும்: மேலே சிவப்பு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுபிசுப்பு, அடியில் பொடிந்த பாறையின் மினுமினுப்பு. அதைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, எந்த மனை, எந்தத் துளை, எத்தனை மீட்டர் என்று சீட்டு எழுதி வைப்பார்கள். ஆய்வகத்தில் அதன் ஈரம், உப்பு, தண்ணீர் பட்டால் எவ்வளவு உப்பும் என்பதெல்லாம் தெரியவரும். துளையில் தண்ணீர் மட்டத்தையும் அளப்பார்கள். அது எந்த மாதம் அளந்தது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். சித்திரையில் வறண்டு கிடக்கும் துளையில், ஐப்பசி மழைக்குப் பக்கத்துக் கண்மாய் பெருகினால் தண்ணீர் ஏறி நிற்கும்.

கரிசலுக்கு, தண்ணீர் பட்டால் எவ்வளவு உப்பும் என்ற கணக்கு உயிர்நாடி. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துச் சுருங்குகிற மண் அது. வீட்டைத் தூக்கவும் செய்யும், இறக்கவும் செய்யும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் இதற்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் முறையைப் பரப்பியது. ஈரமும் வறட்சியும் எட்டாத ஆழத்துக்கு, சுமார் 3.5 மீட்டருக்கு, இறக்கி அங்கே பிடித்து நிறுத்துவது அதன் சூட்சுமம். 5 அடி புட்டிங் அந்த ஆழத்தின் பாதியைக்கூடத் தொடாது. வைத்தியம் இருக்கிறது, நோய் இன்னதென்று எழுதிக் கொடுத்தால்தான் அதைச் செய்ய முடியும்.

ஒரு துளை போட்டுவிட்டால் போதும் என்றும் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுதும் ஒரே தீயில் வெந்திருப்பதால். மண் அப்படி ஒரே தீயில் வெந்ததில்லை. எத்தனை துளை என்பது போலவே எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம். கனடாவில் வின்னிபெக் நகருக்குப் பக்கத்தில் டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் 1913-இல் ஒரு பெரிய தானியக் கிடங்கு கட்டினார்கள். 65 கான்கிரீட் குதிர்கள், எடை மட்டும் சுமார் 20,000 டன். மண்ணைச் சோதிக்காமல் கட்டவில்லை. அஸ்திவாரம் வைக்கும் மட்டத்தில் தரையின் மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள், தரை தாங்கியது. அக்டோபர் 18 அன்று, தானியம் நிரம்பிக்கொண்டிருந்தபோது, கிடங்கு இறங்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்து நின்றது. பல ஆண்டுகள் கழித்து, 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஆழமாகத் துளை போட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது: மேலே கெட்டியான களி, அதற்குக் கீழே மெத்தென்ற களி. சிறு பலகையின் மேல் ஏற்றிய பாரம் மேல் அடுக்கை மட்டும் கேட்டது. அகன்ற கட்டடத்தின் பாரம் கீழ் அடுக்கு வரைக்கும் போய் அதையும் கேட்டுவிட்டது. நம் நாட்டு விதிநூலான ஐ.எஸ். 1892, அஸ்திவாரத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரையாவது பார் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் ‘மண் பரிசோதனை செய்யப்படும்’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு சடங்கு. எத்தனை துளை, எவ்வளவு ஆழம், யார் முன்னிலையில், எந்தெந்தச் சோதனை என்று எழுதினால்தான் பரிசோதனை.

தமிழ்நாட்டில் இதைப் பேச எடுத்தால் மவுலிவாக்கத்தைச் சொல்லாமல் முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. போரூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே நொறுங்கி உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பிழைக்க வந்த ஊரில், தாங்கள் கட்டிக்கொண்டிருந்த சுவர்களுக்கு அடியிலேயே போனார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல அடுக்காக இருந்தன. மண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் அடுக்குமாடி வாங்குகிற சாதாரணக் குடும்பம்கூட ‘சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?’ என்று கேட்கப் பழகியது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மண்ணியல் பொறியாளருக்கும் பதிவுபெற்ற வல்லுநர் வரிசையில் இடம் கிடைத்தது. அத்தனை பேரை இழந்துதான் ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டோம். அதையும் இரண்டு மாடி வீடுகளின் பக்கம் கொண்டு வராமல் வைத்திருக்கிறோம்.

வீட்டு ஒப்பந்தம் நாலு பேர் விவகாரம். அரசுப் பணி நம் எல்லோர் பணம். அங்கே ஒப்பந்தம் இன்னும் நேர்த்தியாகத் தப்புகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் டெண்டர் படிவத்தில் வெகுகாலமாக ஒரு பத்தி உண்டு. டெண்டர் போடுகிறவர் இடத்தை நேரில் பார்த்து, தரையும் அடிமண்ணும் எப்படி என்று இயன்றவரை தெரிந்துகொண்டு விலை குறிக்க வேண்டும். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் முழுதும் தெரிந்தவராகவே கொள்ளப்படுவார். பிறகு தெரியவில்லை என்று சொல்லிக் கூடுதல் கேட்க முடியாது. படிக்கக் கண்டிப்பாகவும் அரசுப் பணத்துக்குப் பாதுகாப்பாகவும் தோன்றும். நடைமுறையில் யோசியுங்கள். டெண்டர் போட இருப்பது இரண்டு மூன்று வாரம். பத்துப் பேர் போட்டியிடுகிறார்கள். வேலை கிடைக்குமா என்றே தெரியாத இடத்தில் பத்துப் பேரும் தனித்தனியாகப் போர் போட்டு மண் எடுப்பார்களா? எடுக்க மாட்டார்கள். ஆகவே பத்துப் பேரும் ஊகிக்கிறார்கள். அனுபவம் உள்ளவர், அடியில் களி வந்தால் என்ன செய்வது, தண்ணீர் வந்தால் பம்பு ஓட்ட எவ்வளவு என்று யோசித்து அதற்கும் சேர்த்து விலை போடுகிறார். யோசிக்காதவர் போடுவதில்லை. குறைந்த விலைக்கே வேலை. ஆக, மண்ணைப் பற்றிக் கவலைப்பட்டவர் வெளியே போகிறார்; கவலைப்படாதவர் கையில் பாலமும் பள்ளிக்கூடமும் போய்ச் சேர்கிறது. எச்சரிக்கையான ஆளைச் சலித்து வெளியே தள்ளுவதற்கென்றே ஒரு முறை கண்டுபிடித்தால்கூட இதைவிடத் திறமையாக இருக்காது.

அவரும் வேலையில் இறங்கிய பிறகு தரை வேறாக இருந்தால், வழக்கு. நீதிமன்றமும் எழுதிய எழுத்தைத்தான் பார்க்க முடியும். ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள் தொடுத்த அலோபி பர்ஷாத் வழக்கில், எதிர்பாராத சூழலால் ஒப்பந்தம் நட்டமாகிவிட்டது என்பதற்காக அதிலிருந்து விடுபட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் குறை காண எதுவும் இல்லை. குறை எல்லாம் ஒப்பந்தத்தை எழுதிய இடத்தில்.

வேறு விதமாக எழுத முடியும். அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் 1920-களிலேயே, தரை காட்டியதற்கு மாறாக இருந்தால் அதற்கான செலவை அரசு ஏற்கும் என்ற ஷரத்து வந்துவிட்டது. தாராள மனத்தால் அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான். வருமோ வராதோ என்று தெரியாத களிக்காக ஒவ்வொரு வேலையிலும் பயக் காசு கொடுப்பதைவிட, வந்த இடத்தில் மட்டும் கொடுப்பது லாபம். பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1999 செந்நூல், தன் கையில் உள்ள அடித்தரை விவரம் எல்லாவற்றையும் வேலை கொடுப்பவர் முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது. அனுபவமுள்ள ஒப்பந்ததாரர்கூட எதிர்பார்த்திருக்க முடியாத தரை வந்தால் காலமும் செலவும் தர வேண்டும் என்கிறது. சுரங்க வேலைகளுக்கென்று 2019-இல் வந்த மரகத நூல் ஒரு படி மேலே போய், தரை இப்படி இருக்கும் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் ஓர் அடிப்படை அறிக்கையை ஒப்பந்தத்தின் உள்ளேயே வைக்கிறது. அதுவரைக்கும் ஒப்பந்ததாரர் பொறுப்பு, அதைத் தாண்டினால் உடைமையாளர் பொறுப்பு. பூமிக்கு அடியில் வேலை செய்கிறவர்கள் இப்படி எழுதிக்கொள்வது ஏன் என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் மெட்ரோ சுரங்கம் போய்க்கொண்டிருந்தபோது அண்ணா சாலை திடீரென்று பள்ளம் விழுந்து, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் உள்ளே இறங்கின.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது ஒன்று. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது குற்றமே இல்லை. காவிரியின் மணலில் கல்லணையைக் கட்டியவர்களுக்கும் அந்த மணல் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. தெரியாததை ஒப்புக்கொண்டு, கல்லைப் போட்டு அது மணலில் புதைந்து நிற்கும்வரை விட்டு, அதன் மேல் கல்லை அடுக்கினார்கள். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அவர்களிடமிருந்துதான் படித்தோம் என்று ஆர்தர் காட்டன் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். அந்தப் பாடத்தோடுதான் 1830-களில் முக்கொம்பில் மேலணை எழுந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் கட்டிய கல்லணை நிற்கிறது.

குற்றம், தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குவதில் இருக்கிறது. அப்படி எழுதுவதால் தெரியாமை ஒழிந்துவிடாது, கைமாறும், அவ்வளவுதான். நில உடைமையாளர் அதைக் காண்டிராக்டர் தலையில் கட்டுகிறார். அவர் துணைக் காண்டிராக்டர் தலையில். அவர் மேஸ்திரி தலையில். கடைசியில், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாத ஒருவர், கடப்பாரையோடு குழிக்குள் நிற்கிறார். பக்கத்து மண் ஈரமா, நிரப்பு மண்ணா, பழைய ஓடையா என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. 2022-இல் இதே மதுரையில், விளாங்குடியில், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழியில் மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். சரியும் மண்ணுக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும். எந்த மண் எப்போது சரியும் என்பதையும் அதே போர்த் துளைதான் முன்கூட்டிச் சொல்லும். மண் பரிசோதனையைக் கட்டடத்தின் ஆயுளுக்காக என்று பேசிப் பழகிவிட்டோம். முதலில் அது குழிக்குள் இறங்குகிறவரின் உயிருக்காக.

அதனால்தான் இந்தச் செலவும் இந்தப் பொறுப்பும் நிலத்துக்குச் சொந்தக்காரருடையது என்று நினைக்கிறேன். பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதி, ‘இதற்குட்பட்ட நிலம் எனக்குப் பாத்தியம்’ என்று வாங்குகிறவருக்கு அதன் அடிமண்ணும் பாத்தியம்தான். வீட்டுக்காரரானாலும் அரசானாலும் விலை கேட்பதற்கு முன் மண்ணைப் பார்த்து, பார்த்ததை விலை சொல்லப் போகிற அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எங்கெங்கே துளை போட்டோம், என்ன வந்தது; எங்கே பார்க்கவில்லை; தரை மாறினால் கன மீட்டருக்கு என்ன விலை, எத்தனை நாள் அவகாசம். அந்த இரண்டாவதை எழுதத்தான் நமக்குத் தைரியம் வேண்டும். ‘இரண்டு துளைக்கும் இடையில் என்ன இருக்கிறதென்று தெரியாது’ என்று எழுதுகிற ஒப்பந்தத்தை நம்பி வேலை செய்யலாம். அப்போது மேஸ்திரி குழிக்குள்ளிருந்து “இன்னும் ரெண்டடி போகணும்ணே” என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விலை ஏற்கெனவே இருக்கிறது, தோண்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14, கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்தாண்டு வரை கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. களிமண் அமுங்குவது சில இடங்களில் அதையும் தாண்டிப் போகும். சாவி வாங்கும் நாளில் மண் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நம் உள்ளாட்சிகளுக்கு. நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி இதுவரை போட்ட ஒவ்வொரு பரிசோதனைத் துளையின் அறிக்கையும் யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில், வில்லங்கச் சான்றுக்கும் தாய்ப்பத்திரத்துக்கும் நடுவில் கிடக்கிறது. பக்கத்து மனைக்காரர் அதே மண்ணை முதலிலிருந்து ஊகிக்கிறார். வரைபட அனுமதி கேட்டு வருகிறவரிடம் மண் அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி, சர்வே எண் வாரியாக அடுக்கி, கேட்கிற யாருக்கும் காட்டுங்கள். நாலைந்து ஆண்டில் மலையடிவாரம் முதல் வைகைக் கரை வரைக்கும் இந்த ஊரின் அடித்தரை இன்னதென்று ஓர் உருவம் கிடைத்துவிடும். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. ஓர் அலமாரியும், அதைத் திறந்து காட்டப் பொறுப்பான ஒருவரும் இருந்தால் போதும். அடுத்த கிராம சபையில் இதை யாராவது எழுந்து கேளுங்கள்.